வெள்ளைத் துணி கட்டிய கட்டை

நான் ரங்கூனுக்குக் கப்பலேறியபோது என் அண்ணனுக்கு இரண்டு கால்கள் இருந்தன. 1934-இல் எங்கள் ஊரான பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பியபோது ஒன்றுதான் இருந்தது. ரயில் பெட்டிகளை இணைக்கும் வேலையில் மற்றது போய்விட்டது. கால்பந்துப் பைத்தியம் மட்டும் போகவில்லை.

திடலின் வேலியோரம் நின்றால் கூட்டம் இடித்துத் தள்ளும். அதனால் எங்கள் குழுத் தலைவன் விஜயனிடம் நேரே கேட்டுவிட்டார். "உள்ள ஏதாச்சும் வேலை குடு தம்பி. வெளிய நின்னு கத்திக் கத்தித் தொண்டையும் போயிரும்போல."

கோல் தூண்களுக்கு வலை கிடையாது. பந்து உள்ளே போனதா, ஓரமாகப் போனதா என்று எப்போதும் அடிதடி. ஆகவே ஒவ்வொரு கோலுக்குப் பின்னாலும் ஒரு குழுவின் ஆள் ஆட்டம் முழுதும் நிற்பார். எங்கள் ஆளாக அண்ணனை நிறுத்தினார்கள். கோல் விழுந்தால், வெள்ளைத் துணி கட்டிய, கக்கத்தில் ஊன்றும் கட்டையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். நடுவர் ஊதும்வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். வாரம் முழுதும் சமையலறையில் பழகினார். இரண்டு சட்டிகள் உடைந்தன.

"நம்ம பசங்க அடிக்கிறப்ப தூக்கணும், பாரு!" என்றார் என்னிடம்.

சனிக்கிழமை கிள்ளான் ஊர்க் குழுவோடு ஆட்டம். தோற்றால் போட்டியை விட்டே வெளியேற வேண்டும். இடைவேளையில் பக்கம் மாறினார்கள். அண்ணன் நின்ற கோலை இப்போது எங்கள் குழு காத்தது. விஜயன் அவர் காதருகே குனிந்தான்.

"அண்ணே, சந்தேகம்னா கட்டை கீழயே இருக்கட்டும். உங்கள நிறுத்தினது நாங்க. மறந்துறாதீங்க லா."

ஆட்டம் முடியப்போகிறது. இன்னும் யாரும் கோல் போடவில்லை. கிள்ளான்காரன் அடித்த பந்து தூணை ஒட்டிப் பாய்ந்து லாலாங் புல்லில் மறைந்தது. "வெளிய! வெளிய!" எங்கள் கூட்டமே கத்தியது. நானும்தான். நடுவர் அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் விஜயனைப் பார்த்தார். பிறகு கக்கத்திலிருந்து கட்டையை எடுத்தார். ஒற்றைக் காலில் நின்றார். கட்டை மேலே போயிற்று.

எங்கள் கூட்டத்திலிருந்து ஒரு கொட்டாங்கச்சி பறந்து வந்து அவர் தோளில் பட்டது. "டேய் நொண்டி! எந்த ஊர் சோறுடா திங்கிற?"

நடுவர் ஊதும்வரை கட்டையை இறக்கவில்லை. அப்புறம்தான் விழுந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். "உள்ளதானாண்ணே?"

"உள்ளதான்."

அந்த ஒரு கோலில் நாங்கள் தோற்று ஆட்டம் முடிந்ததும் விஜயன் வந்து கட்டையிலிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டான். "இனிமே வேலிக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

கிள்ளான் தலைவர் வேலாயுதம் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். "அடுத்த ஆட்டம் எங்க திடல்ல, சாலாக் செலாத்தான் குழுவோட. எங்க ஆளா வந்து நிக்கிறீங்களாண்ணே? எங்களுக்கு எதிராவும் தூக்குவீங்கதானே?"

"உள்ள போனா தூக்குவேன்," என்றார் அண்ணன், முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி. "துணி மட்டும் நீங்க கொண்டாங்க."