ஒரே தீவு, இரண்டு வழக்கம், ஒரு மச்சான்

இரண்டு சனிக்கிழமைக்கு முன் எங்கள் அஜ்மான் வீட்டில் விருந்து. என் மனைவி மாலதி ஷார்ஜாவில் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். அங்கே அவளோடு வேலை பார்க்கும் இரண்டு இந்தோனேசியப் பெண்கள் — யுஸ்னி, ரோத்துவா — சாப்பிட வந்திருந்தார்கள்.

விருந்தாளி கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா? வாராவாரம் பத்தி எழுதுகிறவன் வேறு! வஞ்சிரம் வறுவல் வருவதற்குள் பெண்ணுரிமையை ஆரம்பித்துவிட்டேன். இந்தியாவில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டமே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் பெருமையடித்துவிட்டு, உங்கள் ஊரில் பாவம், பெண்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.

அந்தப் 'பாவம்' தேவையில்லாதது. இப்போது தெரிகிறது.

"எந்த ஊரில்?" என்று திருப்பிக் கேட்டாள் யுஸ்னி.

இருவருக்கும் ஒரே நாடு. நாடென்ன... ஒரே தீவு, சுமத்ரா. யுஸ்னி மேற்குப் பக்கம், மினாங்கபாவ் இனம். தொழுகை தவறாத முஸ்லிம். அவர்கள் வழக்கப்படி பூர்வீக வீடும் வயலும் அம்மாவிடமிருந்து மகள்களுக்குத்தான் போகும். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். சமீபத்தில் அவளுடைய அண்ணன், வயலில் ஒரு பகுதியை விற்கலாமா என்று போனில் கேட்டாராம். இவளும் அக்காவும் வேண்டாம் என்றார்கள். பேச்சு முடிந்தது.

அண்ணனுக்குக் கோபம் வரவில்லையா என்றேன்.

"வந்தது. வயலும் இருக்கிறது" என்றாள்.

ரோத்துவா அதே தீவின் வடக்குப் பக்கம். பதாக் இனம், கிறிஸ்தவப் பெண். அங்கே எல்லாம் தலைகீழ். குலப்பெயர் அப்பா வழி, சொத்து மகன்களுக்கு. மகளுக்கும் உண்டு என்கிறது கோர்ட். கிடையாது என்கிறது ஊர் வழக்கம். அப்பா இறந்த பிறகு ரோத்துவா பங்கு கேட்டாள். கேஸ் போடுவேன் என்றதும் தம்பிகள் ஒரு துண்டு நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். அதோடு பேச்சையும் நிறுத்திவிட்டார்கள். லீவில் ஊருக்குப் போனால் லாட்ஜில் தங்குகிறாளாம். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்றாள் மாலதி.

"தம்பிகளை நினைத்தால் தோன்றும். அப்பாவை நினைத்தால் தோன்றாது. நானும் அவர் பிள்ளைதானே?"

மாலதி அதன்பிறகு அதிகம் பேசவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். பட்டுக்கோட்டையில் அவள் அப்பா விட்டுப்போன வீட்டை விற்க அவளுடைய அண்ணன் ஆள் பார்த்திருந்தார். அடுத்த லீவில் வந்து, பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார். நான் என்ன சொன்னேன்? போட்டுவிடு, நமக்கெதுக்கு, மரியாதைதான் முக்கியம் என்றேன். மாமனார் சொத்தைத் தியாகம் செய்வதில் நான் தாராள மனசுக்காரன்.

விருந்தாளிகள் கிளம்பியதும் மாலதி அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நான் கையெழுத்துப் போடல. வித்தா எனக்கும் பாதி. விக்கலன்னா எனக்கு அங்க ஒரு எடம் வேணும். ஊருக்கு வந்தா அப்பா வீட்ல தங்கணும்னு இருக்கு."

அவர் உடனே போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். புருஷன் சொன்னால் கேட்பாள் என்று மனிதருக்கு ஒரு நம்பிக்கை.

"மாப்ள, நீங்களாச்சும் சொல்லுங்க."

மாலதி என்னையே பார்த்தாள். மதியம் அடித்த பெருமையெல்லாம் நினைவுக்கு வந்தது. அவள் கேட்பது நியாயம்தானே மச்சான் என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அப்புறம் அங்கிருந்து போனே இல்லை. மாலதி சரியாகச் சாப்பிடவில்லை. ரோத்துவாவின் கதை எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதோ என்று எனக்குப் பயம். வியாழக்கிழமை மச்சானே கூப்பிட்டார். வீட்டை விற்கவில்லையாம். "மாடி ஒனக்கு. வேற எங்கயும் போயி தங்காத" என்றாராம். மாலதி அழுதுவிட்டாள். நான்? என்னவோ நானே போராடி வாங்கிக் கொடுத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தக் களிப்பில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன் பாருங்கள்... வினை அங்கேதான் பிடித்தது. நேற்று மன்னார்குடியிலிருந்து என் தங்கை கலா கூப்பிட்டாள்.

"அண்ணே, அண்ணி செஞ்சது நியாயம்னு நீயே சொன்னியாமே?"

பெருமையாக ஆமாம் என்றேன்.

"அப்ப நம்ம வீடு?"

நம்ம வீடா! எங்கள் அப்பா விட்டுப்போன வீடு. ரிட்டயரானதும் அங்கே போய், தெருப் பக்கம் எழுதுகிற அறை, கொல்லைப் பக்கம் ஊஞ்சல்... மனசுக்குள் பிளானே போட்டு வைத்திருந்தேனே? சிக்னல் சரியில்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. எதிரே மாலதி.

"ஒனக்கும் பாதிம்மா" என்றேன். கொஞ்சம் வலித்தது. கொஞ்சமா?

பெண்ணுரிமை, மச்சான் வீட்டோடு நின்றுவிட்டால் எவ்வளவு சௌகரியம்!