இரண்டு பக்கமும் இல்லாத வார இதழ்

கொண்டையில் பென்சிலைச் செருகிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடுகிற ஆள், எங்கள் நூலகத்தில் பட்டியல் பார்க்கிற அக்கா, பட்டியலக்கா. ஆனால் இருபத்தாறு வருட வேலையில் ஒரு புத்தகத்தைத் தொலைத்ததில்லை. அவரா இப்படிச் செய்தார் என்று இன்னும் மனசு ஆறவில்லை எனக்கு.

எல்லைக்கு அந்தப் பக்கத்து நூலகமும் நாங்களும் ஒரே பட்டியல்தான் வைத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் ஒரே இதழ் இருந்தால், இடம் போதாதவர்கள் தங்கள் பிரதியைக் கழித்துவிடலாம். அதற்கு முன் அக்கா அங்கே போன் போடுவார். அந்த நூலகரை அவர் நேரில் பார்த்ததே கிடையாது. பதினோரு வருடமாகத் ‘தம்பி’.

“தம்பி, அலமாரிக்கே போய்த் தொட்டுப் பாத்தீங்களா?”

“தொட்டாச்சுக்கா. தும்மினது கேக்கலையா?”

அதன்பிறகுதான் கழிப்பார்.

போன மழையில் கூரை ஒழுகி, ஒரே நாளில் அறையைக் காலி செய்யவேண்டி வந்தது. அன்றைக்கு மட்டும் போன் போடவில்லை. மில் தொழிலாளர்கள் நடத்திய வார இதழ், நான்கு தொகுதி. ‘அங்கேயும் உண்டு’ என்றது பட்டியல். பழைய காகிதத்தோடு போய்விட்டது.

இந்த மாதம் ஒரு டீச்சர் வந்தார். செத்துப்போன அவருடைய அம்மா அந்த இதழில் எழுதினவராம். வீட்டில் ஒரு வரிகூட இல்லை. அக்கா உற்சாகமாகத் தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“தம்பி, அந்த வார இதழை ஸ்கேன் பண்ணி அனுப்புறீங்களா?”

“அது உங்ககிட்டதானேக்கா இருக்கு?”

“நான் கழிச்சிட்டேனே!”

“ஐயோ... இங்கயும் அதே மழைதான்க்கா. உங்ககிட்ட இருக்குன்னு பட்டியல்ல பாத்தேன். அந்த வாரமே கழிச்சிட்டேன்.”

டீச்சர் அக்கா முகத்தையே பார்த்தார். “ஒரு பக்கம்கூடவா இல்ல?”

“இல்லம்மா. வேற எங்கயும் இருந்ததா தெரியல. நான்தான் தூக்கிப் போட்டேன்.”

“அம்மா எப்படி எழுதுவாங்கன்னு பாக்கணும்னு...” முடிக்காமல் பையை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அக்கா வாசல்வரை கூடவே போனார்.

திரும்பி வந்தபோதும் போன் துண்டிக்கப்படவில்லை.

“அக்கா, நானாவது ஒரு போன் போட்டிருக்கலாம்.”

“நான் போட்டிருக்கணும் தம்பி,” என்றார் அக்கா. அப்புறமும் ரெண்டு பேரும் போனை வைக்கவில்லை.