அத்தான் ஊதிய குழாய்

ராஜபாளையத்தில் ஒரு நெஞ்சுநோய் மருத்துவமனையில் மூச்சுப் பரிசோதனை எடுப்பது என் வேலை. வருகிறவர்களின் மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் அட்டைக்குழாயைக் கொடுத்து, "நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, விட்றாதீங்க" என்று கத்த வேண்டும். வீட்டில் வாய் திறக்காதவள் என்று பெயர் வாங்கியவள் நான். அந்த அறைக்குள் மட்டும் என் குரல் மில் சங்கு மாதிரி இருக்கும்.

என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் போய்வருகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர், என் அக்காவின் கணவர். கொழுந்தியாள் என்று எந்தச் சலுகையும் காட்டமாட்டார். சன்னலோர சீட்டில் யாராவது வயதானவர் வந்து நின்றால் முதலில் என்னைத்தான் எழுப்பிவிடுவார். நல்ல மனிதர். ஒவ்வொரு ட்ரிப் முடிந்ததும் டீக்கடைக்குப் பின்னால் போய் ஒரு சிகரெட் பற்றவைப்பார். காலையில் எழுந்ததும் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, அக்கா திட்டினால் அதற்கு ஒன்று. "சும்மா பொகைதானட்டி, உள்ள போயி வெளிய வந்துரும்" என்பார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். நாள் முழுக்க ஊராரின் மூச்சை அளக்கிறவளுக்கு வீட்டு மனிதரின் மூச்சு கண்ணில் படவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பட்டது.

ராஜபாளையம் ஊர் எல்லையில் ஒரு நிறுத்தம். ஒரு அம்மா வாழைக்காய் மூட்டையோடு நின்றிருந்தார். அத்தான் இறங்கி மூட்டையை ஏற்றிவிட்டு, கீழே நின்றபடியே "போலாம்" என்று இரண்டு விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்த பிறகு ஓடிவந்து பின்படியில் தொற்றிக்கொள்வது அவருடைய வழக்கம், கொஞ்சம் பெருமையும்கூட. அன்றைக்கு ஓடிவந்தார், தொற்ற முடியவில்லை. பஸ்ஸை நிறுத்த விசிலை வாயில் வைத்து ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. நான் பின்கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். நடுரோட்டில் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நிற்கிறார்.

கூட்டத்தைப் பிளந்து நான் டிரைவரிடம் போய்ச் சொல்வதற்குள் பஸ் வெகுதூரம் வந்துவிட்டது. ஓரங்கட்டிக் காத்திருந்தோம். சுந்தரபாண்டியத்துக்குப் போகிற பெரியவர் ஒருவர், கண்டக்டர் இல்லாமலே வண்டி நல்லாத்தானே ஓடுது, அப்படியே விடச் சொல்லுங்க என்றார். பஸ்ஸே சிரித்தது. கடைசியில் அத்தான் ஒரு பால்காரரின் பைக்கில், இரண்டு கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்து இறங்கினார். அவரும் சிரித்தார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சை இழுக்கும்போது அவர் தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. கழுத்து நரம்பு புடைத்து நின்றது. சாதாரணமாக மூச்சை இழுப்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை. கழுத்தும் தோளும் உதவிக்கு வந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

அக்காவிடம் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. "இவர் விசிலுக்கு எம்புட்டு பலம்னு அளந்து பாருங்க" என்று டிரைவரிடம் சொல்லி வைத்தாள். அவ்வளவுதான், அடுத்த லீவு நாளில் அத்தானும் டிரைவரும் யார் மூச்சுக்குப் பலம் என்று பந்தயம் கட்டிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டார்கள்.

அத்தான் முதலில் ஊதினார். பாதியிலேயே இருமல் வந்தது. மூன்று தடவை ஊதவைத்தேன். அவருக்கு வயது நாற்பத்தெட்டு. நுரையீரலுக்கு வயது எழுபத்திரண்டு என்று மிஷின் காட்டியது. மிஷின் ரிப்பேர் என்றார். அவரைவிட ஐந்து வயது மூத்த டிரைவர், சிகரெட்டைத் தொடாதவர், அடுத்து ஊதினார். அவர் வயதைவிட இரண்டு குறைத்துக் காட்டியது.

"அப்பம் இனிமே நான் ஒன்னைய அண்ணாச்சின்னு கூப்பிடுதேன்" என்றார் டிரைவர்.

டாக்டர் பார்த்துவிட்டு, மூச்சுக்குழாய்கள் சுருங்கத் தொடங்கியிருப்பதாகச் சொல்லி, உறிஞ்சும் மருந்து எழுதிக்கொடுத்தார். சிகரெட்டை விடாவிட்டால் மருந்தால் பெரிய பயனில்லை என்றும் சொன்னார்.  திரும்புகிற வழியில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். மூச்சுக்குழாய் மரக்கிளை மாதிரி பிரிந்துகொண்டே போவதையும், நுனியில் திராட்சைக் கொத்துபோல முப்பது நாற்பது கோடிக் காற்றுப்பைகள் இருப்பதையும், அவற்றின் மெல்லிய சுவர் வழியாகத்தான் பிராணவாயு ரத்தத்தில் ஏறுகிறது என்பதையும் சொன்னேன். புகையால் அந்தப் பைகள் கிழிந்தால் திரும்ப ஒட்டாது என்றேன். எதற்கும் அவர் அசையவில்லை.

"புகையில ஒரு விஷ வாயு இருக்கு அத்தான். பிராணவாயு ஒக்கார வேண்டிய சீட்டுல அது டிக்கெட் இல்லாம ஏறி ஒக்காந்துக்கிடும். எறங்குன்னா லேசுல எறங்காது."

அத்தான் திரும்பிப் பார்த்தார். "அதெப்படி ஒக்காரும்?" என்றார். நிஜமாகவே கோபம்.

மறுநாளிலிருந்து விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். நாலு தடவை விட்டார். மூன்றாவது தடவை சிகரெட் வாடை தெரியாமலிருக்கத் துளசி இலையை மென்றுகொண்டு வீட்டுக்கு வர, அக்கா அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, சாமியாராகிவிட்டீர்களா என்று விசாரித்தாளாம். நாலாவது தடவை நிலைத்தது. அதிலும் ஒரு கலாட்டா. விட்ட இரண்டாவது வாரம் முன்பைவிட அதிகமாக இருமினார். நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"குடிச்சப்ப நல்லாத்தான இருந்தேன். நீ விடச்சொன்ன பொறவுதான இந்த எழவு இருமலு?"

மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் உண்டு. தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கிப்போட்டிருந்தது. இப்போது விழித்துக்கொண்டு பழைய குப்பையை வாருகின்றன என்று விளக்கினேன். இத்தனை வருசமும் அவை சம்பளமில்லாமல் லீவிலா இருந்தன என்று கேட்டார். ஆமாம் என்றேன். காப்பி குடித்துவிட்டுப் போனார். சில வாரங்களில் இருமல் அடங்கியது.

ஒரு வருடம் கழித்து மறுபடி ஊதினார். எண் கொஞ்சம் தேறியிருந்தது, கொஞ்சம்தான். போனது போனதுதான், ஆனால் இனி வேகமாகச் சரியாது என்று டாக்டர் சொன்னார். அக்கா அதற்கே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போன மாதம் குடும்பத்தோடு அய்யனார் கோவிலுக்குப் போனோம். மேட்டுப் பாதையில் அத்தான் இரண்டு இடத்தில் நின்று நின்றுதான் வந்தார். ஆற்றங்கரைப் பாறையில் முன்பின் தெரியாத ஒருவர் சிகரெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அத்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நெஞ்சுக்குள்ளே திராட்சைத் தோட்டமே இருப்பதாகவும், மொத்தம் ஐந்து லட்சம் கோடிப் பழம் என்றும் விரலை மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த மனிதர் பயந்துபோய்ச் சிகரெட்டை அணைத்தார்.

கணக்கைத் திருத்தலாம் என்று வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.