கேட்காமல் போன போல்டர்

குருநகர் நீக்கிலாப்பிள்ளை தபாற்கந்தோரில் கடிதம் பிரித்தே ஓய்வுபெற்றவர். விலாசம் பிழைத்த கடிதத்தை அவர் அன்றைக்கே திருப்பி அனுப்பியதில்லை. ஒருநாள் மேசையில் கிடத்தி, மறுநாள் காலையில் இன்னொருமுறை பார்த்துத்தான் அனுப்புவார். வீட்டிலும் அதே பழக்கம். மீன்முள்ளைத் தவிர எதுவும் அவர் கையால் உடனே குப்பைக்குப் போனதில்லை.

மனைவி மரியநாயகி போன ஆவணியில் கண்ணை மூடினாள். அதன்பிறகு வீட்டில் சத்தம்போட மிஞ்சியது அவளுடைய கொம்பியூட்டர் ஒன்றுதான். முன்னறையில் இருந்து அதில்தான் அவள் கல்வெட்டு அடித்தாள். ஊரில் ஆர் செத்தாலும் முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற நினைவுப் புத்தகம். செத்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வந்தவர்களுக்கு நன்றி, பின்னட்டையில் மாதா படம். நீக்கிலாப்பிள்ளைக்கு ரைப் அடிக்கத் தெரியாது. பின்னேரங்களில் அதைப் போட்டு, உள்ளே விசிறி இரைவதைக் கேட்டபடி தேத்தண்ணி குடித்துவிட்டு நிற்பாட்டுவார்.

அது இப்போது இடம் போதாது, இடம் போதாது என்று சொல்லத் தொடங்கியிருந்தது. எழும்பவே அரை மணித்தியாலம் எடுத்தது. ஒருநாள் எழும்பாமலே விட்டுவிடும் என்று பயந்து, பிரான்சிலிருந்த மகள் ஜெயனிக்குப் போன் எடுத்தார்.

"அது கிழடாப் போச்சப்பா. தூக்கி எறியுங்கோ."

"அம்மான்ரை வேலை முழுக்க உதுக்கை கிடக்கு. ஒரு எழுத்தும் போகப்படாது."

"அப்ப சொல்லுறதைச் செய்யுங்கோ. அம்மான்ரை போல்டருகளுக்குள்ளை விளங்காத எழுத்திலை கொஞ்சம் கிடக்கும். மெசின் தன்னைப் புதுப்பிக்கேக்கை சாமான் இறக்கிவைக்க அடிச்ச கொட்டில் மாதிரி அதுகள். வேலை முடியத் தானே கழட்டவேணும். சிலநேரம் விட்டிட்டுப் போயிடும். அதுகளை அழியுங்கோ."

"கொட்டில் எது, அம்மான்ரை எது எண்டு எனக்கெப்பிடித் தெரியும்?"

"அம்மா ஆக்களின்ரை பேர்தானே போடுறவ. வாசிக்கேலாததெல்லாம் கொட்டில். எனக்கு வேலைக்கு நேரமாகுது, பின்னேரம் எடுக்கிறன்."

அங்கே பின்னேரம் என்றால் இங்கே அவர் படுத்துவிடுவார். அது அவளுக்கும் தெரியும்.

சூசைமுத்து, எமில்ராஜ், றோய் என்று செத்தவர்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் வரிசையாக நின்றன. நடுநடுவே எண்ணும் எழுத்தும் குழம்பிய நீளப் பெயர்கள். அவற்றை ஒவ்வொன்றாக அழித்தார். அனுமதி வேண்டும், தொடரவா என்று ஒவ்வொன்றும் கேட்டது. "ஓம், ஓம்" என்று வாய்விட்டே சொல்லி அமத்தினார். அன்றைக்கு முழுக்க அவரிடம் எதையாவது கேட்டது அது மட்டும்தான்.

அவற்றில் ஒன்று கேட்கவில்லை. தொட்டதும் போய்விட்டது.

கையொப்பம் வேண்டுகிற பதிவுத் தபால்களுக்குள் ஒரு சாதாரணக் கடிதம் கலந்ததுபோல அவருக்குப் பட்டது. நல்லகாலம், அழித்ததெல்லாம் போய்க்கிடக்கிற கொம்பியூட்டரின் குப்பைக்கூடையை அவர் வழக்கப்படி நாளைக்கென்று விட்டிருந்தார். அது ஏன் கேளாமல் போனது என்று ஸபூராவுக்குப் போன் எடுத்துக் கேட்டார். மரியநாயகியோடு ஒரே அச்சுக் கடையில் ரைப் அடித்தவள். இப்போது பட்டினத்தில் சொந்தமாகப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறாள்.

"என்ன அண்ணை, அழிக்க விட்டாலும் ஒரு கேள்வியோ? மெசின் போட்டதை அழிக்கத்தான் அது கேக்கும், ஆக்கள் போட்டதுக்குக் கேளாது. பேரை வாசியுங்கோ பாப்பம்."

"ஈ, பெரிய பீ, எஃப், அரைப்புள்ளி, திரும்ப எஃப், சின்னப் பீ…"

சிரிக்கத் தொடங்கியவள் நடுவில் நிறுத்தினாள். "காணும் அண்ணை. தமிழ் அடிக்க அமத்திற விசையளை அப்பிடியே ஆங்கில எழுத்திலை அடிச்சிருக்கிறா. ஆரும் வாசிக்கப்படாத வேலைக்கு நாங்கள் கடையிலை இப்பிடித்தான் பேர் போடுறனாங்கள்."

"என்ன பேர்?"

"உங்கடை பேர்தான்."

கூடையிலிருந்து அதை மீட்கும் வழியைச் சொல்லிவிட்டு, வேறொன்றும் கேளாமல் அவள் வைத்துவிட்டாள்.

உள்ளே ஒரு கல்வெட்டு. அமரர் நீக்கிலாப்பிள்ளை. பிறந்த திகதி சரி. இறந்த திகதிக்குப் புள்ளி புள்ளியாக இடம் விட்டிருந்தது. அவருக்கு நெஞ்சுவருத்தம் வந்த காலத்தில் அடித்திருக்கிறாள். முந்திப்போவது அவர்தான் என்று நினைத்திருக்கிறாள்.

"துண்டுக் கடதாசியையும் எறியவிடாமல் என்னைப் பாடாய்ப் படுத்தியவர். இப்போது எறிய எவ்வளவோ இருக்கிறது, மனம்தான் இல்லை. ஒருநாளும் என்னோடு சத்தம் போட்டதில்லை."

கீழே: மனைவி மரியநாயகி.

கடைசி வசனம் பிழை. அவர் சத்தம் போட்டிருக்கிறார், இந்த முன்னறையிலேயே, பலமுறை. பிழையை அப்படியே விட அவரால் முடியாது. வசனத்தின் முடிவில் மவுசை வைத்து, அழிக்கிற விசையை அமத்தினார். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போயின. "ஒருநாளும் என்னோடு" மட்டும் மிஞ்சியபோது விரலை எடுத்தார்.

மூடப்போனார். மாற்றத்தைச் சேமிக்கவா என்று அது கேட்டது.

"வேண்டாம்" என்றார்.

திரும்பத் திறந்து பார்த்தார். வசனம் முழுதாக இருந்தது.

மறுநாள் காலையில் கூடையை இன்னொருமுறை பார்த்தார். கொட்டில்கள்தான் கிடந்தன. காலிசெய்தார். அன்று பின்னேரம் கொம்பியூட்டர் போட்டவுடனே எழும்பியது. பாரம் குறைந்ததாலோ என்னவோ, விசிறியும் இரையவில்லை. தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, அவர் பெட்டிக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனார்.