தாவீதின் தெய்வ பயம்

தறிக்காரத் தாவீதுக்கு இருந்த தெய்வ பயத்தைப் பங்கு போட்டால் காஞ்சிபுரம் முழுவதற்கும் போதும். செவிலிமேட்டுக்கும் கொஞ்சம் அனுப்பி வைக்கலாம். கருடசேவையன்று பெருமாள் தெருவில் வந்தால் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழந்துணியை அடைத்துவிட்டு முழங்காலில் நிற்பான். இடி இடித்தால் பாவமன்னிப்புக் கேட்பான். மறுநாள் உட்கார்ந்து சேலைக்குக் கோபுரக் கரை நெய்வான். அது தொழில், கர்த்தர் கண்டுகொள்ள மாட்டார் என்பது அவன் கணிப்பு.

அதே கணிப்பில்தான் அறுபத்தொன்பதாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன்னால், முதலாளி குமாரசாமி நெய்யக் கொடுத்த சரிகையில் ஒரு நூல்கண்டை எடுத்து விற்றான். மனசாட்சி உள்ளவன் அல்லவா, விற்ற காசில் பத்தில் ஒரு பங்கைத் தவறாமல் சர்ச் காணிக்கையில் போட்டான். கர்த்தரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்ட பிறகு என்ன பயம்.

சரிகை குறைந்தது தெரிந்ததும் பழி செல்லியம்மாள் மேல் விழுந்தது. தாவீதின் தறி நாடாவுக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கும் விதவை அவள். அந்த வேலைதான் அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் சோறு. தாவீதும் அவளும் தெருமுனைப் பிள்ளையார் முன்னால் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்றார் குமாரசாமி.

"எங்க வேதத்துல சத்தியம் பண்ணக் கூடாதுங்க முதலாளி. தெய்வக் குத்தம்," என்றான் தாவீது.

கூட்டம் தலையாட்டியது. இவ்வளவு பயப்படுகிறவனா எடுத்திருப்பான்? எல்லோரும் செல்லியம்மாளைப் பார்த்தார்கள். தாவீதுக்கு உள்ளுக்குள் ஸ்தோத்திரம் பொங்கியது.

கற்பூரத்தின் எதிரே போய் நின்றவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"புள்ளகுட்டிக்காரி, சத்தியம் பண்ண பயமா இருக்குது முதலாளி. தாவீது அண்ணனையே கேளுங்க. சாமிக்குப் பயந்த மனுசன், பொய் சொல்ல மாட்டாரு. நான் எடுத்தேன்னு அவரு சொன்னா வேலைய வுட்டுப் போயிடறேன்."

அவள்தான் என்று ஒரே ஒரு வார்த்தை போதும், அவன் தப்பிக்க. பெருமாளுக்கு ஜன்னலைச் சாத்தலாம். இதற்கு எதைச் சாத்துவது? வானத்தில் இடியும் இல்லை, மின்னலும் இல்லை.  ஆனாலும் தாவீதுக்கு வெட்கத்தில் அழுகை வந்தது.

"அவ எடுக்கல முதலாளி. நான்தான் எடுத்தேன்."

செல்லியம்மாளின் வேலை நிலைத்தது. தாவீதின் வேலை போனது. ஐயம்பேட்டையில் எவனுக்கோ கூலிக்கு நெய்யப் போய் வந்தான். அடுத்த கருடசேவைக்கு அவன் வீட்டு ஜன்னல் திறந்தே கிடந்தது. பழந்துணி அடைக்கும் நினைப்பே அவனுக்கு வரவில்லை.

தெரு அதைப் பார்த்து உச்சுக் கொட்டியது.

"பாவம், தாவீதுக்கு முன்ன மாதிரி தெய்வ பயம் இல்லப்பா."