உப்பு பார்த்தவர்

என் அண்ணனுக்கு உருளைக்கிழங்கு வறுவல் பட்டறையில் உப்பு பார்க்கிற வேலை. சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். "அதுக்குன்னு ஒரு ஆளா?" என்று கேட்பார்கள். கிழங்கு லோடுக்கு லோடு மாறும். ஒரு லோடு மாவாக இருக்கும், ஒரு லோடு இனிக்கும். புது எண்ணெயில் உப்பு ஒரு மாதிரி பிடிக்கும், இரண்டாம் நாள் எண்ணெயில் வேறு மாதிரி பிடிக்கும். அளந்து கொட்டினால் இன்று சப்பென்று இருக்கும், நாளைக்கு வாயில் வைக்க முடியாது. அதனால் பொரித்த வறுவலைப் பெரிய உருளையில் போட்டுச் சுற்றவிட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவும்போது, அண்ணன் பக்கத்தில் நின்று ஒன்றை எடுத்து வாயில் போடுவார். "இன்னும் கொஞ்சம்" என்பார். இல்லாவிட்டால் "போதும்" என்பார். அந்தப் "போதும்" வரும்வரை ஒரு பாக்கெட்டும் நிரம்பாது. பட்டறையில் அவர் பெயர் நாக்கு மாஸ்டர்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது என்னையும் அங்கேயே சேர்த்துவிட்டார். பாக்கெட் நிரப்புகிற மேசை எனக்கு. பக்கத்தில் சீல் வைக்கிற அக்கா. எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

"ஏம்மா, உங்க அண்ணன் பொண்ணு பார்க்கப் போனப்ப 'இன்னும் கொஞ்சம்'னாரா, 'போதும்'னாரா?" என்று அண்ணன் காதில் விழும்படி கேட்பார்.

அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "தாயே, முதல்ல உன் வாய்க்கு ஒரு சீல் வை. பாக்கெட் அப்புறம்."

அந்த உருளைக்குப் பக்கத்தில்தான் ஒரு காலை அவர் சட்டையெல்லாம் நனைய வியர்த்து உட்கார்ந்தார். வாயு என்றார். இடது கையைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். இதயத்தில் ஒரு பகுதி வேலை செய்யாது என்று டாக்டர் சொன்னார்.

"உப்பு உள்ள போனா தண்ணியும் கூடவே தங்கிடும். அவ்வளவு தண்ணியத் தள்ள உங்க இதயத்துக்குத் தெம்பு இல்ல. உப்பை விட்டுடணும், எண்ணெய்ப் பலகாரம் கூடாது, சிகரெட்டைத் தொடவே கூடாது, தினமும் நடக்கணும். என்ன வேலை பார்க்கறீங்க?"

கூட வந்திருந்த அண்ணிதான் சொன்னார்: "உப்பு பார்க்கிற வேலைங்க."

டாக்டர் முதலில் கேலி என்று நினைத்துவிட்டார். புரிந்த பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "வேற வேலை தெரியாதா?"

"நாக்கைத் தவிர எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல சார்" என்றார் அண்ணன்.

அப்படியானால் மென்று பார்த்துத் துப்பிவிட வேண்டும், ஒரு துண்டுகூட உள்ளே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அண்ணன் உருளைக்கு அடியில் ஒரு பழைய பால் டின்னை வைத்துக்கொண்டார்.

வீட்டில் அண்ணி உப்பு ஜாடியை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். "அவருக்குத் தனியா, நமக்குத் தனியான்னு சமைக்க மாட்டேன். அவர் சாப்பிடறதுதான் நமக்கும்." எலுமிச்சை, மிளகு, பூண்டு, அவித்த பயறு, காய், ஆவியில் வெந்த மீன். முதல் வாரம் அண்ணன் தட்டைப் பார்த்த பார்வையை இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும்.

"என்னது இது?"

"மீனுங்க."

"பொறந்ததுல இருந்து கடல்லயே கெடந்த மீனு. அதையே உப்பில்லாம பண்ணிட்டியே, கெட்டிக்காரிதான் நீ."

"பேசாம சாப்பிடுங்க. கேலி பண்ணினா பூண்டைக் கூட்டிடுவேன்."

விடிந்ததும் மூன்று பேரும் வாய்க்கால் பாலம் வரை நடப்போம். முதலில் பாதி தூரம்தான். பிறகு பாலம் வந்தது, பாலத்துக்கு அந்தப் பக்கமும் வந்தது. எங்கள் வீடு இரண்டாவது மாடி. நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் பேசிக்கொண்டே மேலே வந்து சேர்ந்தார். வந்ததை அவர் கவனிக்கவில்லை. நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த நாட்களில்தான் ஒரு சாயங்காலம் தக்காளியைக் கடித்துவிட்டு, "இதுல உப்பு போட்டியா?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்லைங்க."

"இருக்கே. லேசா இருக்கு. உள்ள இருந்து வருது." இன்னொன்றை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். "இத்தனை வருஷம் நாக்கு நாக்குன்னு இருந்தேன். தக்காளி என்ன ருசின்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அண்ணி அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டார்! எனக்கும் அது நல்ல சேதியாகத்தான் தோன்றியது.

பட்டறையில் "போதும்" சீக்கிரமே வர ஆரம்பித்தது. உப்பு இரண்டு கை விழுவதற்குள் அண்ணன் கையைத் தூக்கிவிடுவார். கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாகச் சரக்கு திரும்பி வந்தது. முதலாளி கெட்டவர் இல்லை. எல்லோர் முன்னாலும் கத்தாமல், உருளைக்குப் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகத்தான் பேசினார்.

"மாஸ்டர், சப்புன்னு இருக்குன்றாங்க."

அண்ணன் ஒன்றை எடுத்து மென்று டின்னில் துப்பினார். "கரிக்குதே முதலாளி."

முதலாளி ஒன்றை எடுத்துத் தின்றார். "எனக்குக் கரிக்கலையே." சீல் அக்காவிடம் ஒன்றை நீட்டினார். அக்கா தின்றுவிட்டுத் தரையைப் பார்த்தார். அவர் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

"நாக்கைக் கொஞ்சம் பாருங்க மாஸ்டர். இல்லன்னா நானும் வேற..." என்று முதலாளி பாதியில் நிறுத்திக்கொண்டு போனார்.

அடுத்த வாரமே எல்லாம் சரியாகிவிட்டது. சரக்கு திரும்பி வரவில்லை. "நாக்கு ரிப்பேர் ஆயிடுச்சு போல!" என்று சீல் அக்கா கைதட்டினார். அண்ணனும் சிரித்தார். ஆனால் காலை நடையில் பாலத்துக்கு முன்னாலேயே நின்று, வாய்க்காலில் வாத்துகளைப் பார்க்க ஆரம்பித்தார். வாத்து இல்லாத நாளிலும் பார்த்தார். படுக்கும்போது இரண்டு தலையணை கேட்டார். செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த பள்ளம் காலில் அப்படியே நின்றது.

ஒரு நாள் வேலை முடிந்ததும் அவருக்குப் பதிலாக அந்த டின்னைக் கழுவலாம் என்று எடுத்தேன். உள்ளே காய்ந்து தூசி படிந்திருந்தது. அவர் துப்பிப் பல நாள் ஆகியிருக்க வேண்டும்.

அன்றைக்கே அண்ணியிடம் சொன்னேன். அண்ணி துவைக்கப் போட்டிருந்த சட்டையை எடுத்துவந்து பையை உள்வெளியாகத் திருப்பிக் காட்டினார். தையலில் கல்லுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணி சட்டையை அவர் மடியில் வைத்தார்.

"என்னங்க இது?"

அண்ணன் மறைக்கவில்லை. "நாக்கு பழைய இடத்துக்கு வரணும்ல? காலையில ஒரு கல்லை வாயில அடக்கிக்கிட்டு, ஒரு கை வறுவலைத் தின்னா சரியாயிடுது. வாங்கித் தின்றவனோட நாக்கா ஆயிடுது."

"உங்க இதயம்?"

"அது உள்ள இருக்கு. யார் பார்க்கறாங்க? என் நாக்கைத்தான் ஊரே பார்க்குது." சட்டையை மடித்து ஓரமாக வைத்தபடி, "அங்க நின்னு கையைத் தூக்கினா பட்டறையே நிக்கும். வேற எங்க என் பேச்சுக்கு எது நிக்குது?" என்றார்.

"இங்க நிக்கறேன்ல நான்" என்றார் அண்ணி. அன்று வரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "ஒரு வருஷமா உப்பில்லாம தின்னுட்டு நிக்கறேன். உங்க நாக்குக்காகவா நின்னேன்?"

மறுநாள் அண்ணியே பட்டறைக்கு வந்து முதலாளியைப் பார்த்தார். அண்ணனுக்கு வாசலில் கிழங்கு மூட்டைகளை எண்ணி இறக்கவைக்கிற வேலை கொடுத்தார்கள். உருளைக்கு முதலாளியின் மச்சான் வந்தார். அவர் முதல்முறையாகப் "போதும்" என்று கத்தியபோது, வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்ணனின் கை பாதி உயர்ந்து இறங்கியது.

அதன் பிறகு அவர் ஒரு நாளும் ஏமாற்றவில்லை. அண்ணி கொடுத்ததைத் தின்றார், காலையில் நடந்தார். கால் வீக்கம் வடிந்தது. பாலம் வரை மறுபடியும் போனோம். மீண்டும் உள்ளுக்குள்ளிருந்து வருகிற ருசிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "இந்த வெள்ளரிக்காய் ஆத்தங்கரையில வெளைஞ்சது, வேணும்னா கேட்டுப் பாரு" என்று காய்க்காரரிடம் பந்தயம் கட்டுவார். ஆனால் இதயம் அந்தச் சில மாதங்களிலேயே பெருத்துத் தளர்ந்துவிட்டிருந்தது. மூச்சு முட்டுவதும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் கூட்டிவருவதுமாக ஒரு மழைக்காலம் போயிற்று.

கடைசித் தடவை டாக்டர் அண்ணியை நடைவழிக்குக் கூப்பிட்டார். நானும் கூட நின்றேன்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இனிமே எதையும் தடுக்காதீங்க. ஆசைப்பட்டதைக் குடுங்க."

அண்ணி அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போய், கொடுத்திருந்த ஜாடியைத் திருப்பி வாங்கிவந்தார். நல்ல மீனாகப் பார்த்து வாங்கி, உப்பும் மிளகாயும் தடவி, அவருக்குப் பிடித்த மாதிரி எண்ணெயில் முறுகப் பொரித்தார். வாசனை மாடிப்படி வரை வந்தது. தலையணைகளை அடுக்கி அண்ணனைச் சாய்த்து உட்காரவைத்து, முள் எடுத்து ஊட்டினார்.

அண்ணன் மெதுவாக மென்றார். உருளைக்குப் பக்கத்தில் நிற்கும்போது மூடுவதைப் போலக் கண்ணை மூடினார். நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு போட்டிருக்க" என்றார்.

"ஆமாங்க. டாக்டர்தான் போடலாம்னு சொல்லிட்டாரு" என்றார் அண்ணி ஆசையாக.

அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"போடலாம்னுட்டாரா."

அப்போதுதான் அண்ணிக்குத் தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது தெரிந்தது. டாக்டர் அண்ணனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அந்த மீன் சொல்லிவிட்டது.

அண்ணன் வாயில் இருந்ததைத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்தார். "கரிக்குது. நம்ம சாப்பாட்டையே குடேன்."

அண்ணி எழுந்து சமையலறைக்குப் போனார். நான் பின்னால் போகப் பார்த்தேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு பாப்பா. அவ மெதுவா வரட்டும்."

உள்ளே கத்தியில் காய் நறுக்கும் சத்தம் கேட்டது. நின்றது. வெகு நேரம் கழித்து மறுபடியும் கேட்டது. அண்ணன் சுவரைப் பார்த்தபடி அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணி முகம் கழுவிக்கொண்டு அவித்த பயறும் நறுக்கிய தக்காளியும் கொண்டுவந்தார். அண்ணன் தட்டைத் தன் மடியில் வாங்கி, தன் கையாலேயே சாப்பிட்டார். பாதிதான் முடிந்தது. மூச்சு வாங்கியது.

"நாளைக்கும் இதையே செய்யறியா?" என்று கேட்டார்.

"செய்யறேங்க" என்றார் அண்ணி.

அந்த வாரம் வரைதான் செய்ய முடிந்தது.