கொழுந்துக் கொட்டகையில் வந்த அழைப்பு

வேலையில்லாத இளைஞர்களுக்கென்று பதுளை நகரில் நடந்த கணினிப் பயிற்சிக்கு மடுல்சீமையிலிருந்து நானும் பக்கத்து லயத்துத் தோழியும் ஒன்றாகத்தான் போனோம். எனக்குத் தட்டச்சு ஓரளவுக்கு வந்தது. அவளுக்கு எல்லாமே வந்தது. சிங்களத்தில் கேட்டால் சிங்களத்தில், தமிழில் கேட்டால் தமிழில் சளைக்காமல் பதில் சொல்வாள். பயிற்சி முடிந்ததும் மருந்துகளை வீட்டுக்கு அனுப்பும் கொழும்புக் கம்பெனி ஒன்று அவளைத் தேர்ந்தெடுத்தது. மருந்துக்குப் பதிவு செய்தவர்கள் இணையத்தில் அழைத்தால் அவள் பேச வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்லி மடிக்கணினியும் அனுப்பினார்கள்.

அப்படிச் சொன்னவர்கள் எங்கள் வீடுகளைப் பார்த்ததில்லை. லயத்து வரிசை வீடுகளுக்குள் போன் கவரேஜ் கிடையாது. தேயிலை மலையில் ஏறினால் கொழுந்து நிறுக்கும் தகரக் கொட்டகையில் மட்டும் கிடைக்கும். அங்கே ஒரு பழைய மேசையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டோம். எனக்கு வேலை எதுவும் அமையாததால் நானும் துணைக்குப் போவேன். சாரல் அடிக்கும் பக்கமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நிறுவைக்கு வரும் பெண்கள் அவளுக்காகக் குசுகுசுவென்று பேசினார்கள்.

“நம்ம புள்ள கொழும்போட பேசுது, சத்தம் போடாதீங்கடி” என்று அவளுடைய அம்மா எல்லோரையும் அடக்குவார்.

மழைக்காலம் தொடங்கியதும் இணைப்பு விட்டு விட்டு வந்தது. கம்பெனியில் அவளை மேற்பார்வை செய்த மிஸ் எச்சரித்தார்.

“ஏன் உங்க கோல் மட்டும் கட்டாகுது? நல்ல இடமாப் பாத்து இருங்களேன்.”

“சரி மிஸ்” என்றாள். வேறு எந்த இடத்தைப் பார்ப்பது? பதுளையில் அறை எடுத்துத் தங்க அவளுடைய அப்பா சம்மதிக்கவில்லை.

ஒரு பிற்பகல் மட்டக்களப்புப் பக்கமிருந்து வயதான ஓர் அம்மா அழைத்தார். ஹெட்போன் ஈரத்தில் கெட்டுப் போயிருந்ததால் அவர் பேசியது எனக்கும் கேட்டது.

“மகள், இவருக்கு வலிப்புக்குப் போடுற குளிசை முடிஞ்சு போச்சு. பார்சல் இன்னும் வரல்ல. போய்ப் பாக்கவும் எனக்கு ஆள் இல்ல.”

“அழாதீங்கம்மா. இருங்க, இப்பவே பாத்துச் சொல்றேன்.”

தேடினாள், கண்டும் பிடித்துவிட்டாள். முகவரி பிழையாகப் பதிவானதால் பார்சல் பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் கிடந்தது.

“அம்மா, உங்க மருந்து...” என்று தொடங்கும்போதே திரை அப்படியே நின்றுவிட்டது.

“அம்மா? கேக்குதாம்மா?”

மடிக்கணினிக்கு இணைப்புக் கொடுத்த போனைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினாள். நான் குடையோடு பின்னால் ஓடினேன். செடிகளுக்கு நடுவே நின்று போனை உயர்த்தினாள், இன்னும் மேலே ஏறினாள், மறுபடி உயர்த்தினாள். அந்த அம்மாவின் நம்பர் கம்பெனித் திரையில்தான் இருந்தது. இணைப்பு இல்லாமல் அது திறக்காது. இருட்டும்வரை நின்று பார்த்துவிட்டு, நனைந்த துணியோடு இறங்கினோம்.

மறுநாள் கவரேஜ் வந்தபோது அவளை வேலையிலிருந்தே நீக்கிக் கம்பெனித் திரையைப் பூட்டியிருந்தார்கள். மிஸ்ஸுக்குப் போன் எடுத்தாள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“மிஸ், அந்தம்மாவுக்கு யாராச்சும் சொல்லிட்டீங்களா? மருந்து பக்கத்து ஊருக் கடையில இருக்கு மிஸ்.”

“அத நாங்க பாத்துக்கிறோம்” என்று மிஸ் வைத்துவிட்டார்.

“பாத்திருப்பாங்கடி” என்றேன்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எனக்குத் தெரியாது. இன்றுவரை இருவருக்கும் தெரியாது.

இப்போது அவள் பசறையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருகிறாள். பெரிய கம்பெனி வேலையை ஏன் விட்டாள் என்று பஸ்ஸில் யாராவது கேட்டால், “சரிவரல” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.